நிலுவை: ஒன்று

வழக்கறிஞர் மன்றத்தின் ஆண்டறிக்கை அன்று மாலைக்குள் போயாக வேண்டும். உயிரோடிருக்கும் வக்கீல்களில் பாதிப் பேர் வருடாந்தரப் படிவத்தை இன்னும் அனுப்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு செத்துப்போனவருடையது மட்டும் வழக்கம்போல முதலில் வந்திருந்தது. ‘உங்கள் மீது புகார் நிலுவையில் உள்ளதா?’ என்ற கேள்விக்கு, ‘ஆம், ஒன்று’ என்று அதே சாய்ந்த கையெழுத்து. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்ததே பதிவறை அக்காதான்.

“ஆள் போனா புகாரும் முடிஞ்சுது. நிலுவை பூஜ்யம்னு போடும்மா,” என்றார் செயலாளர்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “புகார் குடுத்த பொம்பளை உயிரோடதான சார் இருக்கா? அவர்கிட்ட வீட்டுப் பத்திரத்தப் பறிகொடுத்துட்டு பதினோரு வருஷமா இங்க நடையா நடக்கறா. செத்தவருக்கு இருக்கற ரோஷம்கூட நமக்கு இல்லையே!”

செயலாளர் தன் கையாலேயே பூஜ்யம் போட்டு, அறிக்கையை உறையிலிட்டுக் கொடுத்தார்.

தபாலில் சேர்க்கக் கிளம்பிய அக்கா, வெளியே போவதைக் குறிக்க வாசலில் இருந்த வருவோர் போவோர் பதிவேட்டைத் திறந்தாள். கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை. அதே சாய்ந்த கையெழுத்து. வந்த நேரம்: மூன்று மணி. பார்க்க வந்தது: செயலாளரை. திரும்பிய நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.