மெழுகிய அடுப்பு

அதிகாரி சுப்புராஜ் நேராக அடுப்பங்கரைக்குப் போனார். குனிந்து அடுப்புக்குள் கையை விட்டார்.

சில்லென்று இருந்தது. ஒரு சிட்டிகை சாம்பல்கூட இல்லை. சாணி மெழுகின தடம் மட்டும்தான்.

வேலுத்தாய் அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றாள்.

தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வருகிறவர் பாயையும் பானையையும் எண்ணிக்கொண்டு நிற்கமாட்டார். அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். பாத்திரம் பண்டத்தை இரவல் வாங்கி அடுக்கிவிடலாம். அடுப்புச் சூட்டை யாரிடம் போய் இரவல் வாங்குவது?

அவள் புருசன் தங்கச்சாமி ராஜபாளையத்து மில்லுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருசம் ஆகிறது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. வைத்தியத்துக்குப் பிடிக்கிறார்கள். ஆனால் மலையில், கேரளா எஸ்டேட்டில் கிடந்த பெண்டாட்டியும் பிள்ளையும் இந்தச் சித்திரையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்கள். ரேஷன் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இங்கே குடியிருக்கிறார்கள் என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்தால்தான் மில்லில் மகள் பேரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்ப்பார்கள். பேரைச் சேர்த்தால்தான் மதுரையில் ஆபரேசன்.

இசக்கிக்கு எட்டு வயசு. இதயத்தில் ஓட்டை. குழாயடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தாலே உதடு நீலம் பாரித்துவிடும், பாவம்.

சுப்புராஜ் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கெட்ட மனுசன் என்று சொல்ல முடியாது. ரேஷன் அட்டைக்காக ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து ஒரு நாள் நிறுத்திவைக்கிற எத்தனையோ வீட்டைப் பார்த்தவர். கடையில் சாப்பிட்டுக்கொண்டு ஒண்டியாக இருக்கிற ஆம்பளை வீடு இது, நீங்கள் இன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

வேலுத்தாய் எதிர் வீட்டைக் காட்டினாள். மேஸ்திரி ஐயாதுரை விடியக்காலம் தவறிவிட்டார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எடுக்கிற வரைக்கும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது இல்லையா என்றாள்.

அவர் உங்களுக்கு உறவா என்று கேட்டார் சுப்புராஜ்.

இல்லை.

அப்படியென்றால் உங்களுக்கு என்ன என்றார். பக்கத்து வீட்டைப் பாருங்கள், அதற்கடுத்த வீட்டைப் பாருங்கள், புகைகிறது. தெரு முழுக்கக் காப்பி குடிக்கிறார்கள். உங்கள் வீட்டில் மட்டும் துக்கமா?

அப்போதுதான் வேலுத்தாய் தெருவைப் பார்த்தாள். ஆமாம், புகைந்துகொண்டுதான் இருந்தது.

எஸ்டேட்டில் ஒரு லயத்து வரிசை வீட்டில் சாவு விழுந்தால் அந்த வரிசை முழுக்க அடுப்பை அவித்து மெழுகிவிடுவார்கள். யார் செத்தாலும் சரி, சாதி என்ன, உறவு என்ன என்று கேட்பது கிடையாது. எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள், மடச்சி. இங்கே பங்காளி வீட்டோடு சரியாம். அது தெரியாமல் கருக்கலிலேயே எழுந்து, அழுதுகொண்டே மெழுகியிருக்கிறாள்.

அழுகை பொய்யில்லை. நான் வந்து சொல்கிறேன் தாயி, நீ கவலைப்படாதே என்று சாட்சிக்கு நிற்க ஒத்துக்கொண்ட ஒரே ஆள் ஐயாதுரைதான்.

சுப்புராஜ் தெருவில் இறங்கிப் பந்தலில் விசாரித்தார். வ. புதுப்பட்டியிலிருந்து துக்கத்துக்கு வந்த ஆட்கள், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லையே என்று அவர் சற்றுச் சத்தமாகவே சொன்னார்.

உள்ளே, தலைமாட்டில் இருந்த ஆவுடையம்மாள் தலையைத் தூக்கினாள்.

ஐயாதுரை பெண்டாட்டி. வேலுத்தாய் எதிர் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வந்த மலைக்காரி எனக்கு முன்னால் தண்ணீர் பிடிப்பாளா என்று குழாயடியில் குடத்தை எத்திவிட்டவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. வந்த இடத்துக்கே போகட்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

வேலுத்தாய் உள்ளே ஓடித் தீப்பெட்டியை எடுத்தாள். மலை வழக்கம் கிடக்கட்டும். பிள்ளை பிழைத்தால் போதும். குச்சியை உரசக் கை வரவில்லை. சாட்சி சொல்ல இருந்த மனுசன் எதிரில் கிடக்கிறாரே.

வாசல் இருண்டது. அவிழ்ந்த தலையோடு ஆவுடையம்மாள் நின்றாள். பிணத்தை விட்டு எழுந்து வந்திருக்கிறாள். பின்னாலேயே அதிகாரியும் வந்தார்.

ஆவுடையம்மாள் தீப்பெட்டியைப் பார்த்தாள். ஈரம் காயாத அடுப்பைப் பார்த்தாள். சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்த இசக்கியைப் பார்த்தாள்.

“எம் பங்காளி வீட்டுலயே கொல்லைப் பக்கம் காப்பி போட்டுக் குடிக்காவ. இவ அடுப்ப மெழுகிப் போட்டிருக்கா. எழுதிக்கிடுங்க சார், இது எந் தங்கச்சி வீடு.”

சுப்புராஜ் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்போடு உள்ளே வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தவர்போல, வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து எழுதினார்.

ஆவுடையம்மாள் திரும்பிப் பந்தலை நோக்கி நடந்தாள். பாதித் தெருவில் நின்றாள். வேலுத்தாயின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“ஏட்டி, அவியளத் தூக்குன பொறவு வீடு கழுவணும். குழாய்ல மொதக் குடம் நீ பிடி.”

பங்காளி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலுத்தாய் தீப்பெட்டியை மாடத்தில் வைத்தாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடியே குழாயடிக்குப் போனாள்.