தினம் அஞ்சு லிட்டர்

"பெட்ரோலை உருவி வித்துட்டு மண்ணெண்ணெயை ஊத்திருக்கான். இன்ஜெக்டர் எல்லாம் அடைச்சிருக்கும். பிரிச்சுப் பாரு, தெரியும்."

முதலாளி மெக்கானிக்கிடம் பேசினாலும் அம்பு டிரைவருக்குத்தான். டிரைவர் ஒர்க்‌ஷாப் சுவரோரம் தலையைத் தொங்கப் போட்டு நின்றிருந்தார்.

காலையில் முதலாளியின் மகளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது, மேம்பாலம் ஏறுகிற இடத்தில் கார் இருமி இருமி நின்றுவிட்டது. பெண்ணுக்கு விமானம் போயிற்று. அப்பாவுக்கு நிதானம் போயிற்று.

ஐம்பத்திரண்டு வயசு டிரைவருக்கு. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் இனி எந்த வீட்டில் சாவியை நம்பிக் கொடுப்பார்கள்? வாயைத் திறந்தால் எதிர்த்துப் பேசுகிறான் என்பார்கள், மூடினால் திருடன் என்பார்கள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே," என்றார் மெக்கானிக்.

டிரைவர் சாவியைத் திருப்ப, மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு பெட்ரோல் வருகிற குழாயில் அழுத்தம் காட்டுகிற மீட்டரை மாட்டினார். முள் பாதிக்குக்கூட ஏறவில்லை.

"நாலு இன்ஜெக்டரும் ஒழுங்காத் தட்டுது சார். பின்னாலேர்ந்து பெட்ரோல் வர்ற வேகம்தான் பத்தலை."

பின் சீட்டைத் தூக்கி, டேங்கைத் திறந்து, பெட்ரோலை முன்னால் தள்ளுகிற பம்ப்பை வெளியே எடுத்தார். கொஞ்சம் பெட்ரோலை பாட்டிலில் பிடித்துக் குலுக்கி மோந்து பார்த்தார்.

"சுத்தமான பெட்ரோல். கலப்படமே இல்லை."

டிரைவர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

"பம்ப்தான் கருகியிருக்கு. இது டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கியே இருக்கணும் சார். அந்தப் பெட்ரோல்தான் இதுக்குக் குளிர்ச்சி. எப்பவும் அடிமட்டத்துலயே வச்சு ஓட்டினா சூடேறிச் செத்துப் போயிடும்."

முதலாளிக்குத் தெம்பு வந்துவிட்டது. "அடிமட்டத்துக்கு எப்படிப் போச்சுன்னு கேளு. உருவிருக்கான்."

"தினம் எவ்வளவு போடுவீங்க?" என்று மெக்கானிக் முதலாளியையே கேட்டார்.

"அஞ்சு லிட்டர். பெட்ரோல் பங்குக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடுவேன், அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தமாட்டாங்க. டேங்க் நிறைய இருந்தா இவன் கை சும்மா இருக்குமா? நான் என்ன இளிச்சவாயனா?"

"வண்டி தினம் எவ்வளவு ஓடும்?"

"வீடு, கடை, குடோன். அறுபது, அறுபத்தஞ்சு கிலோமீட்டர்."

"அஞ்சு லிட்டருக்கு அவ்வளவுதான் சார் ஓடும். இதுல உருவறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? எத்தனை நாளா இப்படி?"

"வண்டி வாங்கினதுலேர்ந்து. ஆறு வருஷமா."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மெக்கானிக் கருகின பம்ப்பை முதலாளி கையிலேயே வைத்தார்.

"அப்ப இதைக் கொன்னது அவர் இல்லை சார். உங்க அஞ்சு லிட்டர்தான்."

முதலாளி பம்ப்பை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷமாய்க் காலையில் பங்கில் வண்டியை நிறுத்தினாலே, "வந்துட்டாருடா அஞ்சு லிட்டர்" என்று சிரிப்பார்கள்.

முதலாளி அவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். ஆறு வருஷத்தில் இது முதல் தடவை.

"தப்பா நினைச்சுட்டேன்பா. மனசுல வச்சுக்காதே."

"பரவாயில்லைங்க ஐயா."

"புது பம்ப் போடச் சொல்றேன். இனிமே ஃபுல் டேங்க்தான். கீழ இறங்கவே விடக்கூடாது."

"சரிங்க ஐயா." டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"சாவியைக் குடு."

கொடுத்தார். முதலாளி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைலேர்ந்து நீ வரவேணாம். என் மச்சான் வீட்டுல சும்மாதான் இருக்கான், அவன் ஓட்டட்டும். ஃபுல் டேங்க்கை வெளியாளை நம்பி விட முடியுமா, நீயே சொல்லு."