பென்சில் சண்டை

"தொண்ணூறு நாள் கழிச்சுதான் பணம். இஷ்டம்னா கையெழுத்து போடுங்க மேடம், இல்லன்னா கெளம்புங்க."

பிலிப் வாயால் 'மேடம்' என்று கேட்டதும் தபிதாவுக்குச் சுருக்கென்றது. சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இன்று அவன் திருப்பதியில் ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர். இவள் குடிபாலாவில் எட்டுப் பேரை வைத்து அட்டைப்பெட்டி செய்கிறவள்.

"முப்பது நாள்ல குடுங்க சார். அட்டைக்கு முன்பணம் கட்டிக்கினு, மூணு மாசம் சம்பளமும் குடுத்துக்கினு நான் எப்படித் தாங்குவேன்? மெஷினை வித்துட்டுப் போவ வேண்டியதுதான்."

"குதரதம்மா, முடியாது" என்று தெலுங்கு கலந்து சொன்னார் பக்கத்தில் இருந்த ஜெனரல் மேனேஜர், செல்போனிலிருந்து தலை தூக்காமல். "எல்லாருக்கும் தொண்ணூறுதான்."

பிலிப் அவள் ஃபைலைப் புரட்டினான். திடீரென்று குரலை உயர்த்தினான்.

"சின்னத் தொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்ண சர்டிபிகேட் எங்க?"

"எடுக்கல சார்."

"அதுகூட இல்லாமதான் பிசினஸ் பண்ண வந்தீங்களா? மொதல்ல அத்த எடுங்க. அந்த நம்பர் ஒவ்வொரு பில்லு மேலயும் இருக்கணும். அதுக்கு அப்புறம்தான் கையெழுத்து. இல்லன்னா கேட்டாண்டயே வராதீங்க!"

திட்டு விழுந்ததில் மேனேஜர் முகத்தில் பரம திருப்தி. மறுபடி செல்போனுக்குள் போய்விட்டார். தபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சித்தூர் பஸ்ஸில் ஏறியும் மனசு ஆறவில்லை. அந்தக் காலத்துப் பிலிப்பா இவன்?

கணக்கு டீச்சர் பென்சில் இல்லாத பிள்ளைகளைப் பிரம்பால் விளாசுவார். தபிதாவிடம் பாதி நாள் பென்சில் இருக்காது. டீச்சர் நெருங்கும்போது பிலிப், "ஏண்டி என்னை இடிக்கிறே!" என்று ஊரைக் கூட்டுவான். கத்திக்கொண்டே ஒரு துண்டுப் பென்சிலை அவள் மடியில் போட்டுவிடுவான். கத்தினதற்கு அடி அவனுக்கு. எவ்வளவு நல்ல நாட்கள் அவை! பதவி வந்தால் மனுஷன் இப்படியா மாறிப்போவான்?

பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் ஸ்ரீதேவி பத்து நிமிஷத்தில் பதிவு செய்து, சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆரு எடுக்க சொன்னாங்கக்கா?"

"சரக்கு வாங்குற கம்பெனிக்காரன்தான். நாய வெரட்டுற மாதிரி வெரட்டினான்."

"கம்பெனிக்காரனா? பில்லுல இந்த நம்பர் இருந்தா, நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள அவங்க பணம் குடுத்தே ஆவணும்க்கா. சட்டம். தொண்ணூறுன்னு கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. எவனாவது தானா வந்து இத்த எடுக்கச் சொல்லுவானா?"

தபிதா சர்டிபிகேட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர்.

"இன்னாக்கா?"

"பென்சிலு... இன்னும் கத்திக்கினேதான் போடறான்."