பதினோரு மணி மெயில்

"அண்ணா, அஞ்சே நிமிஷம். என் சொந்த மெயிலைத் திறந்து விடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழுந்தா இடுப்புதான் பிடிச்சுக்கும். மெயில் திறக்காது," என்றார் தனசிங்.

தாம்பரம் சானடோரியத்தில், ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலை. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று செல்போனை வாசலில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார். மதியம் ஒன்றரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். கம்ப்யூட்டரில் சொந்த மெயிலும் திறக்காது. அந்தப் பூட்டின் சாவி, கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் தனசிங்கிடம். இரண்டு வருஷமாக யார் கெஞ்சியும் மனுஷன் அசைந்தது கிடையாது.

மணி பத்து நாற்பத்தைந்து. குமரேசன் சுவர்க் கடிகாரத்தையும் தனசிங்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

எல்லாம் நேற்றைய கோபம் செய்த வேலை. மனைவி சத்யபிரியாவுக்கு எட்டாவது மாதம். ஊரப்பாக்கத்து வீட்டில் பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறாள். காலை ஆறு மணி ஷிஃப்ட் கிடைத்தால் மூன்று மணிக்கெல்லாம் அவள் பக்கத்தில் இருக்கலாம். ஒரு மாதமாக மேனேஜர் அபிதகுஜாம்பாளிடம் நடையாய் நடந்தான். நேற்று அந்த அம்மாள் ஃபைலிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க" என்று முடித்துவிட்டார். மேலேயாவது கீழேயாவது, எல்லாம் சாக்கு என்று குமரேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு திரும்பும்போது ரயிலிலேயே செல்போனில் ராஜினாமாவை எழுதிவிட்டான். அதை உடனே அனுப்பித் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை. மேடம் படிக்கும்போது அவர் முகம் போகிற போக்கை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வீம்பு. மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தானாகப் போகும்படி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான்.

இன்று காலை பத்தரை மணிக்கு மேடம் கூப்பிட்டார். எப்போதும் ஃபைலும் பிள்ளையார் படமுமாக இருக்கும் மேஜை, துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

"திங்கக்கிழமையிலேருந்து உங்களுக்கு ஆறு மணி ஷிஃப்ட். கையெழுத்துப் போட்டுட்டேன். புள்ளத்தாச்சியைத் தனியா விடாதீங்க," என்று ஆர்டரை நீட்டினார்.

குமரேசன் சிரித்தபடி வெளியே வந்தான். நாலு அடி நடந்ததும் பதினோரு மணி ஞாபகம் வந்தது. வேலை போனால் பிரசவச் செலவுக்கான கம்பெனி இன்ஷூரன்ஸும் போகும். நேராக தனசிங்கிடம் ஓடி வந்தான்.

"அப்படி என்ன மெயில் அது?" என்றார் தனசிங்.

"சொந்த விஷயம்ணா. பதினோரு மணிக்குள்ள நிறுத்தணும்."

"அப்ப மேடம்கிட்ட ஒரு அப்ரூவல் வாங்கிட்டு வாங்க. ரூல் அதான்."

மேடத்திடம் போய், உங்களுக்கு வரப்போகிற ராஜினாமாவை நிறுத்த அனுமதி கொடுங்கள் என்றா கேட்பது?

"கீழே போய் போனை எடுத்துக்கறேனே?"

"கேட் பாஸ்லயும் அவங்கதான் கையெழுத்துப் போடணும்."

பத்து ஐம்பத்தெட்டு வரை கெஞ்சிப் பார்த்தான். தனசிங் பாட்டுக்குக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். முள் பதினொன்றைத் தொட்டதும் குமரேசன் நாற்காலியில் சரிந்தான்.

"போச்சுண்ணா. அது என் ராஜினாமா. இந்நேரம் மேடத்துக்குப் போயிருக்கும்."

தனசிங் திரும்பிப் பார்த்தார். பிறகு, அந்த அலுவலகம் இதுவரை பார்த்திராத விதமாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பூட்டு ரெண்டு பக்கமும்தான். யாரோட சொந்த மெயிலும் இங்க உள்ளேயும் வராது. எல்லாம் என் பெட்டியிலதான் வந்து நிக்கும்."

"அப்ப மேடத்துக்கு?"

"ஒண்ணும் போகலை. நிம்மதியா மூச்சு விடுங்க."

குமரேசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனசிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீங்க மட்டும் இல்லை," என்றார் தனசிங். "இங்க எல்லாருக்கும் கோபம் வீட்டுக்குப் போற வழியிலதான் வருது. ஆபீஸ் மெயில் வெளியில திறக்காதா, சொந்த மெயில்ல ராஜினாமாவை எழுதி அனுப்பிடறாங்க. நாலு நாள் யாரும் ஒண்ணும் கேக்கலைன்னா, சரி, மன்னிச்சுட்டாங்க போலன்னு வேலையைப் பார்க்கறாங்க. உங்களுதையும் சேர்த்துப் பதினஞ்சு கிடக்கு. அடியில கிடக்கறது என்னுது. அதுக்கப்புறம் இந்தப் பூட்டைத் திறக்க எனக்கு மனசே வரலை."

"என்னுதை அழிச்சிடுங்கண்ணா."

தனசிங் திரையை அவன் பக்கம் திருப்பி, மேலே இருந்த குமரேசனின் மெயிலை அவன் கண் முன்னாலேயே அழித்தார். அதற்கு அடுத்தது மேலே ஏறி வந்தது. நேற்று மாலை வந்தது.

அனுப்பியவர்: அபிதகுஜாம்பாள். பெறுபவர்: எம்.டி. பொருள்: குமரேசனுக்கு ஷிஃப்ட் மாற்றித் தர நீங்கள் மறுத்ததால் என் ராஜினாமா.