கிண்ணி நகம்

நகத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.

வழியவில்லை.

அசையாதே என்று மேடம் சொல்லிவிட்டார். அவள் அசையவில்லை. கை மேசையில் கிடந்தது, வேறு யாருடையதோ போல.

நர்சிங் இரண்டாம் வருடம் மொத்தமும் வரிசையில் நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து குனிந்து பார்த்தாள். நகர்ந்தாள். அடுத்தவள்.

புத்தகத்தில் இருக்கும் படம் மங்கல். இங்கே எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றார் மேடம். அவருக்குச் சந்தோஷம். இரும்புச்சத்து இல்லாமல் வரும் ரத்தசோகை. முற்றினால் நகம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆகிவிடும். சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும்.

நின்றது.

"நீ நடமாடுற பாடம்டி" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி.

சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். கையை ஆட்டாமல் சிரிப்பது கஷ்டம்.

அது நோய் என்று அன்று காலைவரை அவளுக்குத் தெரியாது.

வீட்டில் இதற்குப் பெயர் கிண்ணி நகம். பெரியம்மாவுக்கு உண்டு. அம்மாவுக்கு உண்டு. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அம்மா அவள் நகத்தில் ஒரு சொட்டு விடுவாள், தன் நகத்தில் ஒரு சொட்டு. இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். நாள் முழுக்க பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிவிட்டு வந்த கை. கிண்ணி நகக்காரிக்குச் சோத்துப் பஞ்சம் வராது என்பாள்.

நிறம் அப்பாவுடையது. முடி அப்பாவுடையது. பிடிவாதம்கூட அப்பாவுடையது என்றுதான் ஊரே சொன்னது.

நகம் மட்டும் அம்மா கொடுத்தது.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"அம்மாவுக்கு, மேடம். பரம்பரையா வருது."

"பரம்பரை இல்லம்மா." மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். "சாப்பாடு."

அதையும் சிலர் எழுதிக்கொண்டார்கள்.

மேடம் போர்டில் உடம்பை வரைந்தார். இரும்பு குறைந்தால் உடம்பு முதலில் சேமிப்பை எடுக்கும். அது தீர்ந்ததும் ரத்தத்தில் கை வைக்கும். அதுவும் பத்தாதபோது முக்கியமான உறுப்புகளுக்குத்தான் முதல் பந்தி. தோல், முடி, நகமெல்லாம் அப்புறம்.

மிச்சம் இருந்தால்.

இந்தப் பாடத்தை அவள் படிக்க வேண்டியதே இல்லை. ஒரே அடுப்பு. ஒரே சட்டி. தம்பியின் நகம் மட்டும் தட்டையாக, ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருக்கும்.

யாரோ பஞ்சால் சொட்டை ஒற்றி எடுத்தார்கள்.

அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வந்து தெரிந்துகொண்டது இது.


ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாஸ்டலில் போன் கையில் தருவார்கள்.

மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. கீழே மரத்தடியில் டிபன் கேரியர்கள் திறந்திருந்தன. அவள் மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அங்கே காய்கிற துணிகள் மட்டும்தான்.

கையில் இரும்பு மாத்திரை. மேடம் வாங்கிக் கொடுத்தது. விடாமல் மாதக்கணக்கில் போட்டால் நகம் சரியாகிவிடுமாம். அடியிலிருந்து புதுசாக, தட்டையாக வளர்ந்து வருமாம்.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீயும் போய் ரத்தம் பார், நீயும் மாத்திரை போடு. அவ்வளவுதான். வாரம் முழுக்க அதற்கு ஒரு வாக்கியம் தேடினாள். எப்படித் திருப்பிப் போட்டாலும், நீ எனக்குக் கொடுத்தது பசி என்றுதான் வந்தது.

மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள்.

போன் போட்டாள்.

"இரு கண்ணு, தம்பிக்குச் சோறு போட்டுட்டிருக்கறன்."

ஞாயிறு என்றால் கால் கிலோ ஈரல், அவனுக்கு மட்டும். வளர்கிற பையன். மிளகு போட்டு வறுத்த வாசம் போனில் வருமா? வந்தது.

"அம்மா, அவன் நகத்தைக் கொஞ்சம் பாரு."

"எதுக்கு?"

"பாரேன்."

அம்மா பார்த்திருக்க வேண்டும். சிரித்தாள்.

"அவனுக்கு உங்கப்பன் நெகம். நீ மட்டுந்தான் கண்ணு என்னாட்டவே."

அவ்வளவு பெருமை அந்தக் குரலில். அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

"அப்பா நகம் இல்லம்மா அது." நிறுத்தினால் அழுதுவிடுவாள். நிறுத்தவில்லை. "ஈரல். நமக்கு இருக்கறதுதான் சீக்கு."

சட்டியில் கரண்டி உரசும் சத்தம் நின்றது.

கீழே மரத்தடியில் யாரோ யாருக்கோ ஊட்டிவிடுகிறார்கள். போதும் போதும் என்று ஒரு குரல்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் போடு" என்றான் தம்பி, அந்தப் பக்கம்.

தட்டைத் தட்டும் சத்தம்.

"அம்மா!"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அம்மா போனை வைக்கவில்லை.

கரண்டியையும் எடுக்கவில்லை.