சனிக்கிழமை நாலு மணி

சனிக்கிழமை நாலு மணி, என்னிடம் பாட்டு கற்றுவந்த பஸ் டிரைவர் சாருடைய வகுப்பு நேரம். அவர் இறந்து இருபது நாள் ஆகிறது. இன்று அவருடைய நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஜன்னல் வெயில் ஆர்மோனியக் கட்டைகளின் மேல் விழுகிறது. பஸ் எஞ்சின் சத்தத்தோடு சுருதி சேர்த்துப் பழகும் மாணவர் என்று நான் என் வலைப்பூவில் அவரைப் பற்றி எழுதியிருந்ததை இந்த அம்மா இப்போதுதான் படித்தாராம்.

“வீட்ல வாயே திறக்க மாட்டார் டீச்சர். முழுசா கத்துக்கிட்டுப் பாடுறேன், அன்னைக்குக் காதைப் பொத்திக்கோன்னு சொல்வார். அவர் பாடினது ஒரே ஒரு பாட்டு இருந்தா போதும்.”

வகுப்புகளைப் போனில் பதிவு செய்வது என் வழக்கம். அவருடையது பதினொன்று இருக்கிறது. முதல் பதிவைப் போடுகிறேன். அவர் குரல் தயங்கித் தயங்கி மேலே ஏறுகிறது. அந்த அம்மாவின் விரல் கைப்பை ஜிப்பிலேயே நிற்கிறது. இரண்டாவது வரியில் பதிவில் என் குரல் குறுக்கே வெட்டுகிறது. “நிறுத்துங்க சார், ஹாரன் அடிக்கிற மாதிரி இருக்கு.” அடுத்த பதிவிலும் அவரை நிறுத்துகிறேன். பதினொன்றிலும் நான்தான் குறுக்கே நிற்கிறேன். மேடையில் நான் எந்தப் பாட்டையும் பாதியில் விட்டதில்லை.

“முழுசா ஒண்ணுகூட இல்லம்மா.”

அந்த அம்மா நாற்காலியைப் போன் பக்கமாக நகர்த்திக்கொள்கிறார். “அந்த ஹாரனை இன்னொரு தரம் போடுங்க.”

போடுகிறேன். நான் அதட்டியதும் டிரைவர் சார் சிரிக்கிறார். இத்தனை நாளும் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. “சரிங்க டீச்சர்,” என்கிறார். “முதல்ல இருந்து வரேன்.”