சீட்டில் இடமில்லை

பன்றிப் பண்ணையில் மூன்று பேர் காய்ச்சலில் இறந்தார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து வலை கட்டினார்கள். சிக்கிய பழந்தின்னி வௌவாலின் எச்சிலைப் பஞ்சால் ஒற்றி, ஒரு குப்பியில் அடைத்தார்கள்.

"என் எச்சிலில் எதைத் தேடுகிறார்கள்?" என்று வௌவால் குப்பியைக் கேட்டது.

"காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று."

"நான் எங்கிருந்தும் வரவில்லையே! இங்கேதான் பிறந்தேன். எங்கள் அத்திமரங்களை வெட்டிவிட்டு வந்தது இந்தப் பண்ணைதான். அதையும் எழுதச் சொல்."

"என்மேல் ஒட்டிய சீட்டில் அதற்கு இடமில்லை. பிடித்த இடம், பிடித்த தேதி, அவ்வளவுதான்," என்றது குப்பி.

வௌவாலை விட்டுவிட்டார்கள். அது பசியோடு பறந்துபோய், பண்ணைக்குள் மிச்சமிருந்த ஒரே அத்திமரத்தில் தொங்கியது. அது கடித்துப் போட்ட பழம், கீழே பன்றிகளின் தீவனத் தொட்டியில் விழுந்தது.